டாக்டர் ஜானகியின் க்ளெய்ம் இல்லாத வருஷங்கள்

பனகல் பார்க்கில் காலையில் நடக்க வரும் நண்பர்களில் சிலர் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறார்கள். நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் என்னைக் கேட்பது ஒரே கேள்விதான். "வேதாசலம், நான் வேற கம்பெனிக்குப் போனா என் போனஸ் கூட வருமா, வராதா?" கார் வைத்திருக்கிற எல்லோரும் இன்ஷூர் செய்தே தீர வேண்டும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு கிளம்பிய பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது.

வரும், ஆனால் உங்களோடு வரும், உங்கள் காரோடு வராது என்று பதில் சொல்வேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் அதையே திரும்பக் கேட்பார். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் விதிகள் ஒரு பக்கத்துக்குள் முடிந்துபோகின்றன; மனிதர்கள்தான் வந்து நிற்கிறார்கள். தினமும் டைரி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் யார் எங்கே என்ன சொன்னார் என்பதில் நான் ஊகம் எதுவும் சேர்க்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் மோட்டாருக்கென்று தனி இலாகா கிடையாது. மவுண்ட் ரோடு மாடியில் நெருப்பு இன்ஷூரன்ஸ் பார்க்கும் அறையின் கடைசி மேஜைதான் மோட்டார். முதல் சில வருஷங்கள் பஞ்சுக் கிடங்குகளையும் மரவாடிகளையும் பார்த்தே கழிந்தன. அந்தக் காலத்தில் மயிலாப்பூரில் ஹாரன் சத்தத்தைக் கேட்டே இது யார் வண்டி என்று சொல்லிவிடலாம். பிறகு மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. மனை வந்தது, மனையில் பங்களா வந்தது, பங்களாவுக்கு முன்னால் போர்ட்டிகோ வந்தது, போர்ட்டிகோவைச் சும்மா விட மனமில்லாமல் கார் வந்தது. கடைசி மேஜை தனி அறையாயிற்று. அந்த அறைக்குத் தலைவராக வந்தவர் மாசிலாமணி முதலியார்.

போனஸ் என்ற சொல்லைக் கேட்டு யாரும் தீபாவளி இனாம் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு வருஷம் முழுவதும் நஷ்டஈடு எதுவும் கேட்காதவருக்கு அடுத்த வருஷத்துப் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கம்பெனி குறைத்துக்கொள்ளும். இரண்டாம் வருஷமும் கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம். இப்படிப் படிப்படியாக ஏறும். ஒரு தடவை க்ளெய்ம் கேட்டு வாங்கிவிட்டால் ஏறிய படியெல்லாம் இறங்கி மறுபடி தரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதனால்தான் மட்கார்டு நசுங்கினால் ஜனங்கள் எங்களிடம் வராமல் ராயப்பேட்டைப் பட்டறை பாய்களிடம் போய்த் தட்டிக்கொள்வார்கள்.

ஒருவர் வேறு கம்பெனியை விட்டு எங்களிடம் வந்தால், "எனக்கு இத்தனை வருஷம் போனஸ் உண்டு" என்று வாயால் சொன்னால் போதாது. பழைய கம்பெனி அனுப்பிய புதுப்பிப்பு நோட்டீஸைக் கொண்டுவர வேண்டும். அதில் போனஸ் குறித்திருக்கும். நாங்களும் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்போம். நோட்டீஸில் உள்ள பெயரும் எங்கள் பாலிசியில் வரப்போகிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பாலிசி முடிந்து ரொம்ப நாள் சும்மா கிடந்திருக்கக் கூடாது. மவுண்ட் ரோடில் இருந்த கம்பெனிகள் பார்ட்டிகளை, அதாவது வாடிக்கைக்காரர்களை, ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொள்வதில் சண்டைக்கோழிகள்தான். ஆனால் இந்தப் போனஸ் கடிதத்தில் மட்டும் ஒருவரும் ஒரு எழுத்துப் பொய் எழுதி நான் பார்த்ததில்லை. தம்மை விட்டுப் போகிறவனைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பார்கள். நினைத்துப் பார்த்தால் அது ஓர் அழகான வழக்கம்.

முதலியார் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். நல்ல கறுப்பு, சரிகைத் தலைப்பாகை, முழுக்கோட்டு, காலில் செருப்பு. பூட்ஸ் போடமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. புதிதாக வருகிற எந்த வண்டியையும் தாமே கீழே இறங்கிப் போய்ப் பார்ப்பார். கதவைத் திறப்பார். செருப்பை ரோட்டில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு டிரைவர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு பெடலாக மிதித்துப் பார்ப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "வண்டிய நான் பாக்கல. ஓட்டறவன் எப்படின்னு பாக்கறேன்" என்பார்.

பார்ட்டி வந்தால் முதலில் மோர் வரவழைப்பார். மோர் குடித்து முடிகிற வரையில் வியாபாரம் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். என்னிடம் பேசுவது முழுக்கப் பேட்டைப் பேச்சு. "இன்னாய்யா வேதாசலம், குனிஞ்சிக்கினே கீறே? தலைய தூக்கி ஆள பாருய்யா. பார்ட்டி காயிதத்திலயா குந்திக்கினு கீறான்?"

ஒரு சமயம் தியாகராய நகர் ஜவுளி வியாபாரி செட்டியார் ஒருவர், பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு உற்சாகமாக வந்தார். வண்டியை முன்பு வைத்திருந்தவருக்கு மூன்று வருஷப் போனஸ் இருந்ததாம். மோர் டம்ளரைக் கீழே வைத்ததும் ஆரம்பித்தார்.

"இதோ பாரு நைனா, வண்டி ஒரு கீறல் படாத வண்டி. அப்போ அந்த போனசு வண்டிக்குத்தானே வந்தது? வண்டி இப்போ என்னுது. போனசும் என்னுதுதானே?"

முதலியார் காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "செட்டியாரே, உங்க மாப்பிள்ளை இன்னா படிச்சிருக்காரு?"

"பி.ஏ."

"அவரு கோட்ட வாங்கி நீங்க மாட்டிக்கினா நீங்களும் பி.ஏ. ஆயிடுவீங்களா?"

செட்டியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முழுப் பிரீமியத்தையும் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரே நாலு பார்ட்டிகளை அழைத்துவந்து, அந்தக் கோட்டுக் கதையைத் தம் கதைபோல் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிச் சிரித்து முடிந்தவை அநேகம். சிரித்து முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் மயிலாப்பூரிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் வக்கீல் பார்த்தசாரதி. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் மடித்த குடை. மற்றவர் அவருடைய மன்னி, அதாவது அண்ணன் மனைவி, டாக்டர் ஜானகி. பிரசவ கேஸ்கள் பார்க்கிற லேடி டாக்டர். குள்ளமான உருவம், தோளில் புடவையைப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் கல்லூரி ஆசிரியர் ராமபத்ரன் சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். காரை மனைவிக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். வேறொரு கம்பெனியில் அவர் பெயரில் இருந்த பாலிசி முடிகிற சமயம். நாலு வருஷமாக ஒரு க்ளெய்மும் கிடையாது. அதற்குரிய போனஸ் நோட்டீஸில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்காரர்கள், வண்டி இனி ஒரு ஸ்திரீ பெயரில் என்றதும், போனஸ் கிடையாது, பிரீமியமும் கூடுதல் என்று சொல்லிவிட்டார்களாம்.

வக்கீல் மோரைத் தொடவில்லை. நேரே வாதத்துக்கு வந்துவிட்டார்.

"முதலியார்வாள், வேற வேற ஆத்துல இருந்தாலும் எங்களது கூட்டுக் குடும்பம். எங்க அண்ணா பொறுமையா ஓட்டி ஓட்டிச் சேர்த்த போனஸ் இது. வீடு வாசல் எப்படி வாரிசுக்குப் போறதோ அப்படித்தானே இதுவும் போகணும்? செத்துப்போனதோட இதுவும் போச்சுன்னா எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"சாமி, மோரு சூடாயிடப்போவுது, சாப்பிடுங்க" என்றார் முதலியார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"எனக்கு சாஸ்திரமெல்லாம் தெரியாது சார். அடையாறு, திருவான்மியூர் வரைக்கும் பிரசவத்துக்குக் கூப்பிடறா. ராத்திரின்னு பார்க்க முடியாது, மழைன்னு பார்க்க முடியாது. வண்டி இல்லேன்னா பாலம் தாண்டிப் போறதுக்கே விடிஞ்சுடும். இன்ஷூரன்ஸ் இல்லாம எடுக்கறதுக்கும் பயமா இருக்கு, யாராவது குறுக்கே வந்து விழுந்தா நான் என்ன செய்வேன்? அந்தக் கம்பெனி கேக்கற பணத்தை என்னால கட்ட முடியாது. இங்கேயும் இல்லேன்னா வண்டியை இவரே எடுத்துண்டுடட்டும்னு சொல்லிட்டேன்."

"மன்னிக்கு எதுக்கு இந்தப் பாரம்?" என்றார் வக்கீல். கெட்ட மனிதரல்ல, உண்மையாகவே அப்படி நினைத்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கணவனுக்குப் பின் மனைவிக்கு வண்டி வந்தால், பழைய போனஸைத் தயவாக அவர் பெயருக்குத் தொடர்ந்து கொடுப்போம். ஆனால் சம்பளத்துக்கு வைத்த, லைசென்ஸ் உள்ள டிரைவர்தான் ஓட்ட வேண்டும். முதலியார் அதைச் சொன்னதும் வக்கீல் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன, டிரைவர் வெச்சுட்டாப் போச்சு" என்றார். அந்த அம்மாள் மட்டும் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதலியார் எழுந்து வண்டியைப் பார்க்கக் கீழே இறங்கினார். நாங்களும் இறங்கினோம். சின்ன கார். அன்றைக்கு மட்டும் ஓட்டுவதற்காகப் பக்கத்து வீட்டு டிரைவர் கோவிந்தனை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். அவன் மிதிபலகையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, வண்டி எப்படிக் கீது?" என்றார் முதலியார்.

"வண்டியா சார் இது? பொம்ம வண்டி! பெடலு மேல கட்டய வெச்சி வாரு போட்டுக் கட்டிக்கீறாங்க சார். கால வெச்சா முட்டி மூக்குல இடிக்குது. மைலாப்பூர்லேந்து முட்டியால ஸ்டேரிங்க புட்ச்சிக்கினு வந்தேன், தெர்மா?"

முதலியார் செருப்பை விட்டார். ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மிதித்துப் பார்த்தார். கிளட்சிலும் பிரேக்கிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தேக்குக் கட்டைகள். புதுக் கட்டைகளல்ல, நடுவில் குழிந்து, மெழுகுபோல் வழவழத்திருந்தன. ஆசனத்தின் முதுகுப் பக்கத்தில் ஒரு திண்டும் தைத்திருந்தது. அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்.

"உங்க அண்ணா என்ன உயரம் இருப்பாரு சாமி?"

"ஆறடி! எங்க குடும்பத்துலேயே அண்ணாதான் உயரம். அதனாலதான் அவன் ஓட்டறதே ஒரு கம்பீரம். என்ன நிதானம்கிறேள்! மாட வீதியில அண்ணா வண்டி வந்தா பக்கத்துல நடந்து வர்றவன் பேசிண்டே வரலாம்."

வக்கீலுக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். திறந்த கதவு வழியாகப் பெடல்களைப் பார்த்தார். பிறகு மன்னியைப் பார்த்தார்.

"கட்டை எனக்காக வெச்சது" என்றார் டாக்டர் ஜானகி.

முதலியார் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். "லைசென்ஸ் இருக்குதாம்மா?"

"இருக்கு. பையிலேயே வெச்சிருக்கேன்."

"அப்போ அடையாறு வரைக்கும் போய் வரலாம், எடுங்க."

கோவிந்தன், "நா வேணாமா சார்?" என்று கேட்டான். "நீ டிராமுல வூட்டுக்குப் போயி முட்டிக்கு எண்ண தேச்சிக்கினு குந்து" என்று சொல்லிவிட்டு முதலியார் முன்னால் ஏறினார். நானும் வக்கீலும் பின்னால் உட்கார்ந்தோம்.

டாக்டர் ஜானகி ஓட்டியதை இன்றைக்கும் சொல்ல முடியும். மவுண்ட் ரோடில் டிராமுக்குப் பின்னால் பொறுமையாக நின்றார். அது நகர்ந்ததும் இடம் பார்த்துத் தாண்டினார். வளைவுகளில் நாங்கள் சாயவே இல்லை. சாந்தோம் ரோடில் ஒரு மாட்டு வண்டிக்காரர் தூங்கிக்கொண்டே நடு ரோடில் வந்தார். ஹாரன் கொடுத்தால் மாடு மிரளும் என்று அந்த அம்மாள் ஹாரனைத் தொடாமல், வேகத்தைக் குறைத்து, ஓரத்து மணலில் ஒரு சக்கரத்தை இறக்கி ஒதுங்கிப் போனார். வக்கீல் கைப்பிடியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மரங்களுக்கடியில் நிறுத்தச் சொன்னார் முதலியார். அப்போது அந்தப் பக்கமெல்லாம் வெறும் தோப்பும் தோட்டமும்தான். ஆற்றின் கழிமுகத்திலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

"எப்பலேந்து ஓட்டறீங்கம்மா?"

"முதல் வருஷம் அவர்தான் ஓட்டினார். அப்பறம் கண் மங்க ஆரம்பிச்சுடுத்து. அவரே என்னை உட்கார்த்தி வெச்சுக் கத்துக்குடுத்தார். இந்தப் பாலத்துக்கு இந்தண்டைதான், யாரும் வரமாட்டான்னு. ராயப்பேட்டையில ஒரு பாய்தான் கட்டை போட்டுக் குடுத்தார். கம்பெனிக்கு எழுதிடலாம்னு அவர் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன். கார் ஓட்டறவள்னு தெரிஞ்சா பிரசவத்துக்கு ஆத்துக்குள்ளேயே விடமாட்டான்னு பயம் எனக்கு."

"அண்ணாவுக்குக் கண் தெரியலையா?" வக்கீல் முன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "எனக்குச் சொல்லவே இல்லையே, மன்னி."

"உங்ககிட்ட சொன்னா அழுவேள்னார்."

முதலியார் இருவரையும் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் தணிந்திருந்தது, ஆனால் அன்று கோபத்தினால் அல்ல.

"அம்மா, ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, நான் இந்தக் கட்டையைப் பார்க்கல. உங்க வீட்டுக்காரர் ஓட்டினார்னு அவர் எழுதிக் குடுத்தது அப்படியே இருக்கட்டும். நாலு வருஷப் போனஸும் உங்க பேருக்கு வந்துடும். ஆனா இனிமே நீங்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. தொட்டு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி காசு தராது. இன்னொண்ணு, நான்தான் ஓட்டினேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடலாம். அப்போ அந்தப் போனஸ் போச்சு. ஓட்டறவரை மாத்திட்டுச் சொல்லாம விட்ட பாலிசியில வந்தது அது. நான் குடுக்க முடியாது. பழைய கம்பெனிக்கும் விஷயம் தெரிஞ்சுடும். எங்க மானேஜர் துரை ஒத்துக்குவாரான்னும் எனக்குத் தெரியாது. அவர் வேணாம்னுட்டா, அப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் 'ஏற்கனவே யாராவது மறுத்தாங்களா'ன்னு ஒரு கேள்வி இருக்கும். 'ஆமா'ன்னு எழுதணும். எழுதினா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. வண்டி உங்க கையில நிக்காது."

"மன்னி, பேசாம முதல் வழி" என்றார் வக்கீல் அவசரமாக. "அண்ணா பேரும் கெடாது, போனஸும் வரும்."

"டிரைவர்?"

"வெச்சுக்கலாம்."

"ராத்திரி ஒரு மணிக்குத் திருவான்மியூர்லேர்ந்து ஆள் வந்து நின்னா, டிரைவரை எந்தப் பேட்டையில போய் எழுப்பறது? அதுக்குள்ளே அங்கே குழந்தை பொறந்துடும், இல்லேன்னா போயிடும்."

"ஆனா அண்ணா பேரு..."

"அவர் என்ன தப்புப் பண்ணினார்?" அந்த அம்மாள் பின்னால் திரும்பினார். "கண் போனவுடனே பெரிய ரோடுல ஓட்டறதை விட்டார். அதைவிட ஒழுங்கா யார் ஓட்டினா? நான் ஓட்டின மூணு வருஷத்துல ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்லே. அதை நான் செய்யலேன்னு நானே கையெழுத்துப் போடணுமா?" முதலியாரிடம், "காகிதத்தைக் குடுங்கோ சார்" என்றார்.

பையிலிருந்து காகிதம் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டியரிங்கின் மேலேயே வைத்து எழுதினார். கணவருடைய கண் எப்போது மங்கிற்று, தாம் எப்போது முதல் ஓட்டுகிறார், ஏன் சொல்லவில்லை என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

வண்டி திரும்பிற்று. இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் டிராமில் போவதாக ஏற்பாடு. சாந்தோமிலிருந்து கச்சேரி ரோடுக்குள் திரும்பும் முனையில், எதிரே வண்டியோ ஆளோ ஒன்றுமில்லாதபோது, கார் தானாகவே நின்றதுபோல் நின்றது.

"என்னம்மா, ரிப்பேரா?" என்றார் முதலியார்.

"இல்லே சார்." அவருக்கே வெட்கமாகிவிட்டது. "பழக்கம். மாட வீதிக்காரா கண்ணுல நான் ஓட்டறது படாம இருக்க, இங்கேதான் நாங்க இடம் மாறிப்போம். இங்கேர்ந்து ஆத்து வரைக்கும் அவர் ஓட்டிண்டு வருவார். முதல் கியர்லயே, காலை மடக்கிண்டு. நான் பக்கத்துல உட்கார்ந்து, 'வலது பக்கம் மாடு, இடது பக்கம் சைக்கிள்'னு மெதுவாச் சொல்லிண்டே வருவேன்."

மாட வீதியில் நடக்கிறவன் பேசிக்கொண்டே வரலாம் என்று சொன்னாரே, அந்த நிதானத்தின் காரணம் அப்போதுதான் வக்கீலுக்குப் புரிந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கதவைத் திறந்து இறங்கினார். குடையோடு முன்பக்கம் போய் நின்றார்.

"முதலியார்வாள், தப்பா நினைச்சுக்காதேங்கோ. நீங்க பின்னாடி வரேளா?"

முதலியார் இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வக்கீல் மன்னியின் பக்கத்தில் ஏறி, குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, கோர்ட்டில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், போகலாம் மன்னி. இரண்டாவது கியர்லயே போங்கோ."

மாட வீதியில் பூக்கடைக்காரி கையில் நாரோடு அப்படியே பார்த்தாள். குளத்தோரத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர், "என்ன ஓய் பார்த்தசாரதி, டிரைவருக்கு லீவா?" என்று கேட்டார்.

"எங்க ஆத்து டிரைவர் டாக்டர் ஓய்! உங்க ஆத்து டிரைவர் நாடி பார்ப்பானா?" என்று இவர் சத்தமாகச் சொன்னார். டாக்டர் ஜானகி தலையைத் திருப்பவில்லை. ஆனால் பின்னாலிருந்து எனக்கு அவர் கன்னம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலியார் துரையின் அறைக்குப் போனார். திறந்திருந்த கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். துரை சிக்கனமாகப் பேசுகிறவர். இரண்டு முறை படித்துவிட்டு, "நீர் அந்த வண்டியில் உட்கார்ந்து போனீரா?" என்று கேட்டார். போனேன் என்றார் முதலியார். "பயம் இருந்ததா?" "ஒரு தரம் இருந்தது சார், தூங்கிக்கொண்டு வந்த மாட்டு வண்டிக்காரனைப் பார்த்து." துரை பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவரே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை. அதற்கென்று பிரீமியத்தில் ஒரு சிறு தள்ளுபடி உண்டு. பெண் என்பதற்காகக் கூடுதல் கிடையாது. போனஸ் என்ற இடத்தில் 'இல்லை' என்று நான் எழுதினேன். பழைய கம்பெனிக்கும் உள்ளதை எழுதினோம். அவர்கள் ஒரு வரியில் பதில் போட்டார்கள்: நஷ்டம் எதுவும் நேரவில்லையாதலால் தங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று.

வண்டி அந்த அம்மாளிடமே நின்றது. பிரசவ கேஸ்கள் குறைந்தனவா என்று பிறகு ஒருநாள் வக்கீலைக் கேட்டேன். "ஆரம்பத்துல ரெண்டு வீடு நிறுத்திண்டா. அப்பறம் ஒரு மழை ராத்திரி அந்த ரெண்டு வீட்டுல ஒண்ணுலேர்ந்தே ஆள் வந்தான்" என்றார்.

முதலியார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுச் சிந்தாதிரிப்பேட்டையோடு இருந்துவிட்டார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. வெறுங்காலால் பெடலை மிதித்துப் பார்க்கும் வழக்கத்தை நானும் சில வருஷம் செய்துபார்த்தேன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்னால் டாக்டர் ஜானகி ஆபீசுக்கு வந்தார். எங்கள் கம்பெனி அப்போது பிரீமியத்தை ஏற்றியிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனி குறைவாகக் கேட்டது. மோரைக் குடித்துவிட்டு, சங்கடத்தோடு டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சார், நன்றி கெட்டவள்னு நினைச்சுக்கக் கூடாது. அங்கே போகலாம்னு இருக்கேன்."

"தாராளமாப் போங்கம்மா" என்றேன். "அங்கே உங்க போனஸைக் கேப்பாங்க. கடிதம் தரேன்."

டைப் அடிக்கும் பையனிடம் கொடுக்காமல் நானே எழுதினேன். டாக்டர் ஜானகி எங்களிடம் இன்ஷூர் செய்திருந்த காலம் முழுவதிலும் ஒரு க்ளெய்மும் கேட்டதில்லை. உச்சப் போனஸுக்கு உரியவர். அந்தக் காலம் முழுவதும் வண்டியை ஓட்டியவர் அவரே. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

அவர் நின்றுகொண்டே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதை அவா வாங்கிண்டுடுவாளா? எனக்குத் திருப்பித் தரமாட்டாளா?"

"ஃபைல்ல போட்டுக்குவாங்கம்மா."

"அப்படின்னா இன்னொண்ணு எழுதித் தாங்கோ சார்" என்றார் டாக்டர் ஜானகி. "ஆத்துல வெச்சுக்கறேன்."